நியூ சவுத் வேல்ஸ் கடலோர நிலத்தில் அமில சல்ஃபேட் மண்: அனுமதி முதல் அகற்றல் வரை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கடலோரத் தாழ்நிலங்களிலும் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய சமவெளிகளிலும் வீடோ, கிடங்கோ, நீச்சல்குளமோ கட்ட நினைப்பவர்கள், கட்டட வரைபடம் தயாராவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். இயற்கையான நிலமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் தோண்டப் போகிறோம், நிலத்தடி நீரை எந்த மட்டத்துக்கு இறக்கப் போகிறோம் என்பதே அந்தக் கேள்வி. உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் திட்டத்தில் உள்ள அமில சல்ஃபேட் மண் விதி முழுவதும் இந்த இரண்டு அளவுகளைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அனுமதி கிடைக்குமா, எவ்வளவு செலவாகும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் வடிவமைப்பே தீர்மானிக்கிறது.

இந்த மண் தானாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் கடல்மட்டம் உயர்ந்த காலத்தில், சதுப்பு நிலங்களிலும் கழிமுகச் சேற்றிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட்டு என்ற கனிமமாகப் படிந்தன. நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை அது அமைதியாகவே கிடக்கும். தோண்டி எடுத்தாலோ, நீர்மட்டத்தைத் தாழ்த்தினாலோ காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கந்தக அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு, அடுத்த மழையில் வாய்க்கால் வழியாக ஆற்றில் இறங்குகிறது. 1987-இல் ட்வீட் ஆற்றில் மீன்கள் பெருமளவில் மடிந்தபோதுதான் இந்தச் சிக்கலின் அளவு பொதுமக்களுக்குப் புரியத் தொடங்கியது. மாநில அளவிலான வழிகாட்டிக் கையேடு 1998-இல் வெளிவந்தது. கவுன்சில்களின் விதி இன்றும் அந்தக் கையேட்டைத்தான் சுட்டுகிறது.

முதல் வேலை, உங்கள் நிலம் எந்த வகுப்பில் வருகிறது என்று பார்ப்பது. மாநிலத் திட்டமிடல் இணையதளத்தின் வரைபடத்தில் முகவரியைத் தட்டி, அமில சல்ஃபேட் மண் அடுக்கைத் திறந்தால் 1 முதல் 5 வரை ஓர் எண் தெரியும். பிறகு உங்கள் கவுன்சிலின் உள்ளூர் சுற்றுச்சூழல் திட்டத்தில், கூடுதல் உள்ளூர் விதிகள் அடங்கிய பகுதியில், அமில சல்ஃபேட் மண் என்ற தலைப்புள்ள விதியை முழுமையாகப் படியுங்கள். கவுன்சில்கள் இதில் சிறு மாற்றங்கள் செய்வதுண்டு என்பதால், பக்கத்துக் கவுன்சிலின் விதியை நம்பி இறங்கக் கூடாது.

வகுப்பு 1 நிலத்தில் எந்தப் பணிக்கும் இந்த விதியின் கீழ் அனுமதி தேவை. வகுப்பு 2-இல் இயற்கை நிலமட்டத்துக்குக் கீழே செல்லும் எந்தப் பணிக்கும், நீர்மட்டத்தைத் தாழ்த்தக்கூடிய எந்தப் பணிக்கும் தேவை. வகுப்பு 3-இல் இந்த எல்லை 1 மீட்டர் ஆழமாகவும், வகுப்பு 4-இல் 2 மீட்டர் ஆழமாகவும் தளர்கிறது. நீர்மட்டத் தாழ்வுக்கும் அதே அளவுகள்தாம். வகுப்பு 5 சற்று வேறு விதமானது. அங்கே உங்கள் நிலத்தின் மண் பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஆனால் 500 மீட்டருக்குள் வகுப்பு 1 முதல் 4 வரையிலான நிலம் இருந்து, அந்த நிலம் ஆஸ்திரேலிய உயர அடிப்படையில் (ஏறத்தாழ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம்) 5 மீட்டருக்குக் கீழே அமைந்து, உங்கள் பணியால் அந்த அண்டை நிலத்தின் நீர்மட்டம் அதே அடிப்படையில் 1 மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடும் என்றால் அனுமதி தேவைப்படும். மேட்டில் அடித்தளக் கார் நிறுத்தம் தோண்டுபவர், கீழே உள்ள சதுப்பு நிலத்தை உலர்த்திவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம், ஆழம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது. விதி இயற்கையான நிலமட்டத்தைச் சொல்கிறது. இன்றைய தரையை அல்ல. பழைய மனையில் முன்னொரு காலத்தில் 1 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி நிரப்பியிருந்தால், இன்றைய தரையிலிருந்து 1.5 மீட்டர் தோண்டுவது இயற்கை மட்டத்துக்குக் கீழே அரை மீட்டர் மட்டுமே. அதைத் துளைப் பதிவுகளாலும் நில அளவையாளரின் மட்டக்குறிப்புகளாலும் காட்ட வேண்டும், வாய்வார்த்தை போதாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வீட்டின் அடித்தளம் 0.6 மீட்டர்தான் என்று நிம்மதியாக இருப்பவர், கழிவுநீர்க் குழாய்க்கு 1.4 மீட்டர் பள்ளமும் மின்தூக்கிக்கு ஒரு குழியும் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். வகுப்பு 3 நிலத்தில் அந்தப் பள்ளம் எல்லையைத் தாண்டுகிறது, குழியும் தாண்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு பள்ளத்தையும், தொட்டியையும், தூணையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் அடிமட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு விதியோடு ஒப்பிடுங்கள்.

மண்ணைக் கிளறும் அளவு 1 டன்னுக்குக் குறைவாக இருந்து, நீர்மட்டமும் தாழாது என்றால், இந்த விதியின் கீழ் அனுமதி தேவையில்லை. 1 டன் என்பது அரை கன மீட்டரைச் சற்றுத் தாண்டிய அளவு மண்தான். நான்கைந்து வேலிக்கம்பக் குழிகளுக்கு இது போதும், நீச்சல்குளத்துக்குப் போதாது. தனியார் சான்றளிப்பாளர் மூலம் விரைவாக ஒப்புதல் பெறும் மாநில வழிமுறையை நம்பியிருப்பவர்களும், வகுப்பு 1, 2 நிலங்களில் அந்த வழி பொதுவாக மூடப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அங்கே கவுன்சிலுக்கு முறையான விண்ணப்பம்தான் வழி.

வகுப்பு தெரிந்தவுடன் கட்டடக் கலைஞரிடம் திரும்பிச் செல்லுங்கள். கிளறாமல் விடப்படும் மண்ணே மிகச் சிறப்பாகக் கையாளப்பட்ட மண் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுண்ணாம்புக்கும் ஆய்வகத்துக்கும் செலவழிக்கும் பணத்தின் பெரும்பகுதியை இந்தக் கட்டத்தில் மிச்சப்படுத்தலாம். அடித்தள நிலவறையைக் கைவிட்டுத் தரைமட்டத்திலேயே கார் நிறுத்தலாம். துளையிட்டு மண்ணை வெளியே எடுக்கும் தூண்களுக்குப் பதிலாக, மண்ணை வெளியே கொண்டுவராத திருகுத் தூண்களையோ அடித்து இறக்கும் தூண்களையோ பொறியாளரிடம் கேட்கலாம். மழைநீர்த் தொட்டியைப் புதைக்காமல் மேலே வைக்கலாம். எந்தத் தூணாக இருந்தாலும், அமிலமும் சல்ஃபேட்டும் கான்கிரீட்டை அரிக்கும் என்பதால் மண் ஆய்வின் முடிவு பொறியாளர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

தவிர்க்க முடியாத தோண்டுதல் மிஞ்சினால், அடுத்தது முதற்கட்ட மதிப்பீடு. இதற்கு அமில சல்ஃபேட் மண்ணில் அனுபவமுள்ள மண் ஆலோசகர் தேவை. 1998 கையேட்டின்படி 1 ஹெக்டேர் வரையிலான இடத்துக்கு நான்கு துளைகள் போட வேண்டும். துளை, உத்தேசிக்கப்பட்ட தோண்டுதலின் அடிமட்டத்தைவிட குறைந்தது 1 மீட்டர் ஆழமாகச் செல்ல வேண்டும். மாதிரிகளை அரை மீட்டர் இடைவெளிக்குள் எடுக்க வேண்டும். துளைக்கருவி மேலே வரும்போது கவனித்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில், வெண்ணெய் போல் வழுவழுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும் சேறு இன்னும் அமிலமாகாத, ஆனால் அமிலமாகக்கூடிய மண். பழைய வேர்த் துவாரங்களை ஒட்டி வெளிர்மஞ்சள் பொடி போல் ஜாரோசைட்டு என்ற கனிமம் தெரிந்தால், அங்கே அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது.

களத்திலேயே இரண்டு எளிய சோதனைகள் செய்வார்கள். மண்ணை நீரில் கரைத்து அளக்கும் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அமிலம் ஏற்கெனவே உண்டு என்று கொள்ளலாம். இன்னொரு சிட்டிகை மண்ணில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விடும்போது, பைரைட்டு நிறைந்த மண் பொங்கி நுரைத்து, ஆவி கக்கிக் கந்தக நெடி வீசும். அடங்கிய பிறகு பிஎச் 3-க்குக் கீழே விழுந்தால் ஆபத்து உறுதிப்படுகிறது. இந்தத் திரவம் தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாதவர்கள் அருகில் நிற்கக் கூடாது. களச் சோதனை ஓர் அறிகுறி மட்டுமே. முடிவெடுக்க, காற்றுப் புகாத பைகளில் குளிரூட்டி அனுப்பிய மாதிரிகளின் ஆய்வக முடிவு வேண்டும்.

ஆய்வக முடிவை எதனோடு ஒப்பிடுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கிளறப்படும் மண் 1,000 டன்னுக்கு உட்பட்டால், மணலுக்கு 0.03 சதவீதம், நடுத்தர மண்ணுக்கு 0.06, நுண்களிமண்ணுக்கு 0.1 சதவீதம் கந்தகம் என்பது நடவடிக்கை எல்லை. 1,000 டன்னைத் தாண்டினால் எந்த மண்ணாயினும் 0.03 சதவீதமே எல்லை. பணியைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டி முதல் எல்லைக்குள் அடக்கப் பார்ப்பது கவுன்சிலிடம் எடுபடாது. முடிவுகள் எல்லைக்குக் கீழே இருந்தால் மதிப்பீட்டைக் கவுன்சிலுக்கு அனுப்பி, மேலாண்மைத் திட்டம் தேவையில்லை என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கடிதம் கையில் வரும் வரை விலக்கு கிடைத்ததாகக் கருதக் கூடாது.

எல்லையைத் தாண்டினால் கையேட்டின்படி மேலாண்மைத் திட்டம் தயாரித்துக் கவுன்சிலிடம் தர வேண்டும். அது இல்லாமல் அனுமதி வழங்க விதி இடம் தரவில்லை. திட்டத்தின் நெஞ்சு, சுண்ணாம்புக் கணக்கு. 1 சதவீதம் கந்தகமுள்ள 1 டன் மண்ணைச் சமன்செய்ய, வழக்கமான 1.5 பாதுகாப்புப் பெருக்கத்தோடு, ஏறத்தாழ 47 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டு தேவை. உங்கள் களிமண்ணில் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 23.4 கிலோ. 300 கன மீட்டர் மண், கன மீட்டருக்கு 1.7 டன் எடையில், 510 டன் ஆகிறது. அதற்கு ஏறக்குறைய 12 டன் சுண்ணாம்பு வேண்டும். கடையில் கிடைப்பது முழுத் தூய்மையானதல்ல என்பதால் அளவு இன்னும் கூடும். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக அரைத்த வேளாண் சுண்ணாம்பே இதற்கு ஏற்றது. நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை 12 வரை ஏற்றி, ஆற்றுக்கு வேறொரு தீங்கைச் செய்துவிடும். மண்ணில் சிப்பி ஓடுகள் நிறைய இருப்பதால் சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெரிய ஓடுகளின் மேல் இரும்புப் படலம் மூடிக்கொள்வதால் உள்ளேயிருப்பது பயன்படாமல் போகிறது.

திட்டத்தில் மண்ணைவிடக் கூடுதல் கவனம் நீருக்குத் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோண்டி எடுத்த மண் கண்முன் குவியலாக இருக்கும். ஆனால் பள்ளத்திலிருந்து நீரை இறைக்கும்போது, தோண்டாத மண்ணும், சில சமயம் பக்கத்து மனையின் மண்ணும், கண்ணுக்குத் தெரியாமல் உலர்ந்து அமிலமாகிக்கொண்டிருக்கும். தற்காலிகமாக இறைப்பதும் விதியின் பார்வையில் நீர்மட்டத்தைத் தாழ்த்துவதே. எனவே பள்ளத்தைச் சிறு பகுதிகளாகத் தோண்டி உடனுக்குடன் மூடுவது, தடுப்புச் சுவர் இறக்கி நீர் வரத்தைக் குறைப்பது, மனை எல்லையில் கண்காணிப்புக் குழாய் வைத்து நீர்மட்டத்தை அன்றாடம் குறிப்பது ஆகியவை திட்டத்தில் இருக்க வேண்டும். நிலத்தடி நீரை இறைக்க மாநில நீர்ச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி தேவைப்படக்கூடும். கவுன்சிலின் அனுமதி அதற்கு ஈடாகாது.

பணி நடக்கும் நாட்களில் மண்ணைக் கரைகட்டிய, அடியில் சுண்ணாம்பு பரப்பிய தளத்தில்தான் கொட்ட வேண்டும். மெல்லிய அடுக்குகளாகப் பரப்பிச் சுண்ணாம்பைக் கலந்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சரிபார்த்த பிறகே மண் அந்தத் தளத்தை விட்டு நகரலாம். மணற்பாங்கான மண்ணில் காற்று எளிதாகப் புகும். அதை ஓரிரவுக்கு மேல் சுண்ணாம்பிடாமல் வைத்திருக்க ஒப்பந்தக்காரரை அனுமதிக்காதீர்கள். சேகரித்த நீரின் பிஎச் பொதுவாக 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால்தான் வெளியேற்றலாம். கலங்கலாக இருந்த குழிநீர் திடீரென்று பளிங்கு போல் தெளிந்து, நீலப்பச்சை சாயலோடு நின்றால் மகிழ வேண்டாம். கரைந்த அலுமினியம் சேற்றைக் கீழே படியவைத்திருக்கிறது என்று பொருள். அப்போது இறைப்பானை நிறுத்தி முதலில் பிஎச்சை அளக்க வேண்டும்.

வெளியே அனுப்பும் மண்ணுக்கு, மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் கழிவு வகைப்பாட்டு வழிகாட்டியில் அமில சல்ஃபேட் மண்ணுக்கென்றே தனிப் பகுதி உள்ளது. கந்தகக் கனிமம் கலந்த மண்ணைத் தூய இயற்கை மண் என்று சான்றளித்து இன்னொருவர் மனையை நிரப்ப அனுப்ப முடியாது. சுண்ணாம்பிட்டுச் சரிபார்த்து வகைப்படுத்தியோ, அமிலமாகாத ஈர நிலையிலேயே நீர்மட்டத்துக்குக் கீழே புதைக்க உரிமம் பெற்ற இடத்துக்கோதான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு லாரியின் எடைச்சீட்டையும், சுண்ணாம்பு வாங்கிய ரசீதுகளையும், பிஎச் பதிவேட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். பணி முடிந்ததும் கவுன்சில் கேட்கும் நிறைவு அறிக்கை இந்த ஆவணங்களிலிருந்துதான் எழுதப்படும். பிற்பாடு வாய்க்காலில் மீன் செத்து மிதந்து, நீர் மாசு குறித்து மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை வந்தாலும் உங்கள் தரப்புச் சான்று அந்தக் கோப்புதான்.