லீன் கோட் வந்தால் சென்சார் மேல் பழி போடலாமா? மிக்ஸ்சர் கோளாறில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் சின்ன ஒர்க்‌ஷாப்பிலேகூட இப்போது வண்டியின் கோளாறு கோட் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் பி0171 என்று திரையில் விழுந்ததும் ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதாவது 'லீன்' என்பதுதான் அந்தக் கோட் சொல்லும் சேதி. சேதி சொன்னது அந்தச் சென்சார்தான். பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, வண்டி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்-ஐ அழிப்பது. கோட் விழுந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு, டிரிம் (சென்சார் சொல்வதை வைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எல்லாம் எவ்வளவு இருந்தன என்பதை இன்ஜினின் கணினியான ஈசியூ ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பல வண்டிகளில் ஓடி ஓடிக் கற்றுவைத்த லாங் டேர்ம் டிரிம்மும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். எனவே முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஷார்ட் டேர்மை (அந்தந்த நொடியின் டிரிம்மை) மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று சொல்வது. ஷார்ட் டேர்ம் கழித்தல் 1, லாங் டேர்ம் கூட்டல் 18 என்றால் மொத்தம் கூட்டல் 17. இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மொத்தம் 10-ஐத் தாண்டினால், கூட்டலோ கழித்தலோ, தேட ஆரம்பிக்கலாம். அதையும் ஐடிலிங்கில் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். இன்ஜின் சூடானபின் ஐடிலிங்கில் ஒன்று, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்து ஒன்று, சாலையில் லோடு கொடுத்து ஒன்று என மூன்று இடத்தில் எழுதுங்கள். ஐடிலிங்கில் கூட்டல் 20, 2500-ல் கூட்டல் 4 என்றால் வேக்கம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே புகும் ஓட்டை. உள்ளே புகும் திருட்டுக் காற்றின் அளவு பெரிதாக மாறுவதில்லை. மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு குறைகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடில் ஏறிக்கொண்டே போனால் பம்ப் பிரஷர், அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு நல்ல சோதனைச் சாலை. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும் டிரிம்மை நம்பாதீர்கள். அப்போது ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காத ஓப்பன் லூப்புக்குப் போய்விடும்.

மேலே சொன்ன வேக்கம் கணக்கு காற்றளவு சென்சார் உள்ள வண்டிக்கு. நம் ஊரில் ஓடும் பல சின்ன கார்களில் மேப் சென்சார் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) மட்டும்தான். அதில் மேனிஃபோல்டில் புகும் காற்றையும் சென்சார் பார்த்துவிடும், ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலும் கொடுத்துவிடும். டிரிம் கிட்டத்தட்ட நார்மலாகவே இருக்கும், ஐடிலிங் ஆர்பிஎம்தான் ஏறும். டிரிம் சரி என்பதால் லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மேப் சென்சாரையே சோதிக்க, இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போட்டுப் பாருங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரம், அதனால் ஏறத்தாழ 97 முதல் 99 கிலோபாஸ்கல் வர வேண்டும். சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியில் 89 வந்தால் அது கோளாறு இல்லை. வானிலைச் செயலியோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். அது காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம்.

சென்சாரை ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோலோடு பயன்படாத ஆக்சிஜனும் வெளியேறும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும்தான், அதனால் 'லீன்' என்று சொல்லும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் காஸ்கெட் ஓட்டையானாலும் இதே கதை. பிளக்கையும் காயிலையும் பார்க்காமல் இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணுவது பணத்துக்குக் கேடு. பழைய வகை சென்சாரில் 0.1 வோல்ட் லீன், 0.9 ரிச் (பெட்ரோல் அதிகம்). வைட்பேண்ட் எனும் புதிய வகையில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் வோல்ட் கூடினால் லீன்.

டிரிம் கழித்தல் பக்கம் போனால் உடனே இன்ஜெக்டர் ஒழுகல் என்று சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் முழுக்க நின்ற வண்டியில் டேங்க் ஆவி, அதைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரில் நிறைந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணி சூடானதும் பர்ஜ் வால்வ் திறந்து அந்த ஆவி உள்ளே வரும், டிரிம் சில நிமிடம் கீழே இறங்கும். இது இயல்பு. பர்ஜ் ஹோஸைப் பிடித்து மூடியதும் டிரிம் சுழியத்துக்கு ஏறி, அரைமணி ஓடிய பிறகும் அப்படியே நடந்தால்தான் வால்வ் மேல் சந்தேகம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கூலன்ட் சூடும் உள்வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் தாழ்வாகக் காட்டினால் ஈசியூ குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எத்தனால் கூடும்போது அதே காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். இ10-க்குக் காற்று-எரிபொருள் விகிதம் சுமார் 14.1, இ20-க்கு 13.5. இ10-க்காக அமைத்த வண்டியில் லாங் டேர்ம் நாலைந்து சதவீதம் ஏறினால் அது எரிபொருளின் கணக்குதான். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம். ஏற்கெனவே கூட்டல் 8-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டி இதனால் எல்லையைத் தாண்டிக் கோட் போடலாம், அங்கே தேட வேண்டியது பழைய 8-இன் காரணத்தை.

வேலை முடிந்ததும் கோட்-ஐ அழித்து, வள்ளலார் பகுதியிலுள்ள சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட முடியாது. லாங் டேர்ம் மெல்லத்தான் கற்கும். ஆம்பூர் வரை ஒரே சீரான வேகத்தில் போய்வந்து, அதே மூன்று இடங்களில் மறுபடியும் எழுதி, முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.