உயிர் உரத்தை வெறும் உரமாகக் கருதுவதால் நேரும் தவறுகள்

'உயிர் உரம்' என்னும் சொல்லில் நம் மனத்தில் தங்குவது பெரும்பாலும் 'உரம்' என்ற பிற்பாதிதான். மைக்கோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சை, பயறு வேர்களில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய பாக்டீரியாக்கள் போன்ற உயிர் உரங்களைப் பயன்படுத்துவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. உரம் என்றால் இட்டவுடன் கரைந்து பயிருக்குப் போய்ச் சேரும் சத்து. கூடுதலாக இட்டால் கூடுதலாக வேலை செய்யும் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஆனால் இந்த நுண்ணுயிர்கள் உண்டு, பெருகி, சாகக்கூடியவை. அவற்றுள் வேர்ப்பூஞ்சையும் ரைசோபியமும் பயிருடன் நேரடியாகவே பண்டமாற்று செய்கின்றன. இலைகள் ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் கரிமத்தில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை வேர்ப்பூஞ்சைக்குப் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு விலை கொடுக்கும் செடி, தனக்குத் தேவையில்லாதபோது அந்த உறவைக் குறைத்துக்கொள்ளும் என்பதில் வியப்பில்லை.

இதை மறப்பதால் நேரும் முதல் தவறு, வேர்ப்பூஞ்சையையும் மிகுதியான மணிச்சத்தையும் ஒரே நேரத்தில் இடுவது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் மிக மெதுவாகவே நகரும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால், அந்த வெற்றிடம் எளிதில் நிரம்புவதில்லை. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள பூஞ்சை இழைகள் இந்த வெற்றிடத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் வரை சென்று, வேர்த்தூவிகூட நுழைய முடியாத நுண்துளைகளில் இருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. மணிச்சத்துப் பற்றாக்குறையை உணரும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளை மண்ணில் கசியவிட்டு, அந்த இழைகளைக் கிளைக்கத் தூண்டி அழைக்கிறது. (சுடுமல்லி போன்ற ஸ்ட்ரைகா இன ஒட்டுண்ணிக் களைகளின் விதைகளும் இதே கசிவை உணர்ந்துதான் முளைக்கின்றன, பொருளின் பெயரே அந்தக் களையிலிருந்து வந்தது.) மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் இந்த அழைப்பு குன்றிவிடும், வேருக்குள் பூஞ்சை குடியேறுவதும் குறைந்துவிடும். ஆகவே, மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்த நிலத்தில் வேர்ப்பூஞ்சை வாங்கி இடுவது பெரும்பாலும் வீண் செலவு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாச் செடிக்கும் ஒரே பூஞ்சை பொருந்தும் என்று நம்புவது அடுத்த தவறு. நிலத்தாவரங்களில் பெரும்பான்மையானவை வேர்ப்பூஞ்சையுடன் உறவு கொள்பவைதான் என்றாலும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவையும், பீட்ரூட், பாலக்கீரை போன்றவையும் அந்த உறவைப் பொதுவாக ஏற்பதில்லை. அவற்றின் நாற்றங்காலில் எவ்வளவு இட்டாலும் பயனில்லை. பைன் போன்ற மரங்களுக்கு வேரின் வெளிப்புறத்தில் உறைபோலப் படரும் வேறு வகைப் பூஞ்சைகள் வேண்டும். காய்கறிப் பயிர்களுக்காக விற்கப்படும் பொடியால் அவற்றுக்குப் பயன் கிடைக்காது.

பயறு வகைகளில் இந்தப் பொருத்தம் இன்னும் கறாரானது. வேர்முடிச்சுகளின் வழியே பயறு வகைகள் காற்றின் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை 1880களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். அந்தப் பாக்டீரியாவை 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரின்க் தனியே பிரித்தெடுத்தார். ஆனால் ஒரு பயறுக்குரிய ரைசோபியம் எல்லாப் பயறுகளுக்கும் உதவுவதில்லை. சோயாவுக்கு வேண்டியது ஒன்று, கொண்டைக்கடலைக்கு வேண்டியது வேறொன்று. தட்டைப்பயறு மண்ணில் இயல்பாகவே இருக்கும் பலவகைப் பாக்டீரியாக்களுடனும் இணங்கிப்போகும்; சோயா அப்படியன்று. இதுவரை சோயா விளைந்திராத நிலத்தில் அதற்கேற்ற பாக்டீரியாவைக் கொண்டு விதை நேர்த்தி செய்வது, இவ்வகைச் செலவுகளிலேயே மிக உறுதியாகப் பலன் தருவது.

முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பதிலும் இரண்டு பிழைகள் நேர்கின்றன. செடியைத் தண்டைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேர் வெறுமையாக இருக்கக் கண்டு, பாக்டீரியா வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் முதலில் இப்படித்தான் பிடுங்கிப் பார்த்து ஏமாந்தேன். பிறகு சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி, மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல அலசியபோது, பக்க வேர்களில் கடுகளவும் மிளகளவுமாக உருண்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றை எண்ணுவதோடு நிறுத்திவிடுவது இரண்டாவது பிழை. நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த முடிச்சு உழைக்கிறது. அந்நிறம் லெக்ஹீமோகுளோபின் தருவது; தழைச்சத்தை நிலைப்படுத்தும் நொதியை ஆக்சிஜன் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைக்கும் புரதம் அது. வெளுத்தோ பச்சையாகவோ இருக்கும் முடிச்சு, எண்ணிக்கையில் சேருமே தவிரச் செடிக்குச் சோறு போடாது. விதைக்கும்போதே யூரியாவைத் தாராளமாக இட்டவர்களின் வயலில் முடிச்சுகள் குறைவாகவும் சிறிதாகவும் இருப்பதும் இயல்பே. தழைச்சத்து மண்ணிலேயே கிடைக்கும்போது, பெரும் ஆற்றலைச் செலவிட்டு முடிச்சை வளர்க்கச் செடி முற்படுவதில்லை.

பாஸ்போபாக்டீரியாவைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது மணிச்சத்தை உற்பத்தி செய்வதில்லை. கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்போடும் பிற தாதுக்களோடும் பிணைந்து கிடப்பதில் ஒரு பகுதியை விடுவிக்கிறது. மண்ணில் இருப்பே இல்லாவிட்டால் விடுவிப்பதற்கும் ஒன்றுமில்லை.

கையாளும் முறையில் நேரும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொட்டலத்தை வெயிலில் போட்டுவைப்பது, காலாவதியானதைப் பயன்படுத்துவது, இரசாயன உரத்தோடு ஒரே பாத்திரத்தில் கலப்பது, நேர்த்தி செய்த விதையை நிழலில் உலர்த்தாமல் வெயிலில் காயவைப்பது ஆகிய ஒவ்வொன்றும் உயிர்களைக் கொல்லும். பூஞ்சைக்கொல்லி தேவைப்பட்டால் அதை முதலில் இட்டு, உலர்ந்த பிறகு, விதைப்பதற்குச் சற்று முன்பாகப் பாக்டீரியாவைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். வேர்ப்பூஞ்சை மண்ணின் மேற்பரப்பில் தூவுவதற்கு உரியதன்று. உயிருள்ள வேர் கிடைக்காமல் அதனால் வளர முடியாது என்பதால், விதைக்கு அடியிலோ நாற்றின் குழியிலோ, வேர் வந்து தொடும் இடத்தில் இட வேண்டும்.

மண்ணில் ஏற்கெனவே உள்ளவற்றை அழித்துவிட்டுப் புதிதாக வாங்கி இடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒவ்வொரு முறை ஆழ உழும்போதும் பூஞ்சை இழைகளின் பின்னல் அறுபடுகிறது. நிலத்தை நெடுங்காலம் செடியின்றி வெறுமையாகப் போட்டால், உயிருள்ள வேரையே நம்பி வாழும் பூஞ்சை குன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குத் தானியப் பகுதிகளில் நீண்ட தரிசுக்குப் பின் விதைத்த பயிர்கள், நீரும் தழைச்சத்தும் சேர்ந்திருந்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் போதாமல் குன்றின. வேர்ப்பூஞ்சை குறைந்துபோனதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தரிசுக் காலத்திலும் ஏதேனும் ஒரு மூடுபயிரை நிலத்தில் வைத்திருப்பது, பொட்டலம் வாங்குவதைவிடப் பல இடங்களில் மேலானது.

இட்ட பொருள் வேலை செய்ததா என்பதைப் பச்சை நிறத்தைக் கண்டு முடிவு செய்வதும், தொட்டி மண்ணின் மேல் பஞ்சுபோலப் படர்ந்த வெள்ளைப் பூசணத்தைக் காட்டி வேர்ப்பூஞ்சை பிடித்துவிட்டது என்று மகிழ்வதும் தவறு. காய்கறிகளுக்கும் தானியங்களுக்கும் உதவும் பூஞ்சை வேரின் செல்களுக்குள் வாழ்வது. வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் அது தெரியும். சில பொடிகளில் உரமும், மக்கிய பொருள்களிலிருந்து கிடைக்கும் ஹியூமிக் அமிலமும் கலந்திருப்பதால், இலை கரும்பச்சையானதற்கு அவையே காரணமாகவும் இருக்கலாம். எனவே ஒன்றும் இடாத ஒரு வரிசையை விட்டுவைத்து, நீரும் மற்ற உரங்களும் இரண்டுக்கும் ஒரே அளவில் கொடுத்து, பூக்கும் தருணத்தில் இரு பக்கத்திலும் சில செடிகளைத் தோண்டி அலசி, அருகருகே வைத்துப் பாருங்கள். அறுவடையின்போது இரு வரிசைகளின் விளைச்சலையும் தனித்தனியே எடை போட்டு எழுதிவையுங்கள்.