ஐப்பசிக்கு முன்னால் பீரோவைத் திறங்கள்

ஒரு வருஷம் உடுத்தாததைக் கழித்துவிடு என்கிறார்கள். நம் வீட்டு பீரோவுக்கு அது சரிப்படாது. பட்டுப்புடவை கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் வெளியே வரும். கடலூர் முதுநகரில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஆல்டரேஷன் தைக்கிற நான் நாள் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. துணியில் இன்னும் பலம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இதற்குத் தோதான மாதம் புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் சரியாகக் காயாது. தீபாவளித் துணியும் உள்ளே வந்து நெருக்கியடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

முதலில் தையல் ஓரங்களைப் பாருங்கள். தையல் மட்டும் பிரிந்திருந்தால் கழிக்காதீர்கள், பத்து நிமிட வேலை. தையல் கெட்டியாக இருந்து, அதை ஒட்டிய துணி நூல் நூலாக விட்டுக்கொடுத்தால் கதை முடிந்தது. அதில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் கிழியும். சந்தேகமாக இருந்தால், அக்குள் பக்கத்துத் துணியை இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் பிடித்து லேசாக இழுங்கள். இத்துப்போன துணி அங்கேயே சொல்லிவிடும். நைட் பேன்ட் இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்தால் மாற்றலாம். ஆனால் லெக்கிங்ஸ் துணிக்குள் இருக்கும் எலாஸ்டிக் இழை அறுந்து வெள்ளையாக முடி முடியாக நீட்டிக்கொண்டு வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேலாகப் படிந்த வெள்ளைப் பூஞ்சை வெயிலில் போட்டுத் தட்டினால் போய்விடும். நூலுக்குள் இறங்கிய கரும்புள்ளி பெரும்பாலும் போகாது. கடல்காற்றில் ரவிக்கைக் கொக்கிகள் துருப்பிடித்துப் பக்கத்துத் துணியிலும் கறை ஏற்றும். கொக்கியை மட்டும் மாற்றினால் போதும், ரவிக்கை என்ன பாவம் செய்தது?

பட்டுப்புடவையை மடிப்பு பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடித்த கோட்டிலேயே இழை விட்டிருந்தால் இனிக் கட்ட முடியாது. பார்டரைப் பேத்திக்குப் பாவாடையில் வைக்கலாம். பழைய பட்டு வாங்க வருகிறவர்கள் சரிகையை உரசிப் பார்ப்பார்கள். வெள்ளிச் சரிகை என்றால் நல்ல விலை, உள்ளே செம்பு என்றால் பிளாஸ்டிக் வாளிதான். நீங்களும் விசாரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

செருப்பு, ஷூ விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. சமமான தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் மழைக்காலத்து டைல்ஸ் தரையில் அதுவே ஆளைச் சாய்க்கும். வார் அறுந்தது, தையல் விட்டது எல்லாம் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். விசேஷத்துக்கென்று பெட்டியில் பத்திரப்படுத்திய ஷூவைத்தான் முக்கியமாகச் சோதிக்க வேண்டும். பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகையில் செய்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தால் போடாமலே சிதையும். நகத்தால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ ஆசைப்படாதீர்கள், மண்டபத்து வாசலில் அடி தனியாகக் கழன்றுவிடும்.

இனி எது எங்கே போகவேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கடைசியாகத்தான் கழிப்பேன். நைந்த பருத்தி குழந்தைக்கு மெத்தென்று இருக்கும், வடகம் காயவைக்கலாம், அடுப்படிக்குப் பிடிதுணி ஆகும். பாலியெஸ்டரைப் பிடிதுணி ஆக்காதீர்கள், சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதையும் செருப்பையும் போகியில் கொளுத்துவதும் வேண்டாம், அந்தப் புகை தெருவுக்கே கேடு.

கொடுப்பதென்றால் நீங்களே வெளியே உடுத்திக்கொண்டு போகக்கூடியதைக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்த பழைய துணியில் எவ்வளவோ நம் கடலோரச் சாலைகளில் கேட்பாரற்றுக் கிடந்தது. கிழிசலும், மீனவக் குடும்பங்கள் உடுத்தவே உடுத்தாத உடுப்புகளும் அதில் நிறைய. வீடு வாசலை இழந்து நிற்பவர்களுக்கு நம் கழிசல் எதற்கு? துவைத்து, ஆண் பெண் குழந்தை என்று பிரித்துக் கட்டுங்கள். செருப்பை ஜோடியாகச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

குப்பைக்கே போகும் சட்டையிலிருந்து பட்டன், ஜிப் எல்லாவற்றையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், எப்போதாவது உதவும். கொடுக்கிற சட்டையில் மட்டும் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். பட்டனை எடுத்துக்கொண்டு சட்டையைத் தானம் செய்கிற புண்ணியவான்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.