கடற்கரைக்கு ராட்சத பலூன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய லேடெக்ஸ் பலூன் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது இன்ச் கணக்கு. தவறும் அங்கேதான் தொடங்குகிறது. கவரில் 36 இன்ச் என்று போட்டிருந்தால், அது அந்த ரப்பர் தாங்கும் எல்லை. அதுவரை ஊதினால் ரப்பர் முழுக்க இழுபட்டு நிற்கும். சின்ன உரசல் போதும், வெடித்துவிடும். தட்டி விளையாடத்தான் என்றால் 30, 31 இன்ச்சோடு நிறுத்துங்கள். கழுத்துப் பக்கம் விம்மி நீள ஆரம்பித்தாலே காற்று அதிகம் என்று அர்த்தம்.

ஆறடி பலூன் மூன்றடி பலூனைப் போல இரண்டு மடங்குதானே என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். காற்றுக் கணக்கில் அது எட்டு மடங்கு. மூன்றடிக்குச் சுமார் 400 லிட்டர் என்றால் ஆறடிக்கு 3,200 லிட்டர். கைப்பம்பால் ஆகிற வேலையில்லை, மோட்டார் வேண்டும். மணலில் கரண்டுக்கு எங்கே போவது? சரி, வீட்டிலேயே ஊதி எடுத்துப் போகலாம் என்றால் வாசற்படியைத் தாண்டாது. ஆறடியைக் கல்யாண மண்டபத்துக்கு விட்டுவிடுங்கள். கடற்கரைக்கு இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி போதும் என்பது என் கருத்து.

விலை மலிவாக இருக்கிறதென்று வானிலை ஆய்வுக்கான பலூனை வாங்குவது இன்னொரு தவறு. அது உயரே போய் விரிந்து வெடிப்பதற்காகவே செய்யப்படுவது. ஊதினால் தோல் மிக மெல்லியதாகிவிடும், அடி தாங்காது. விளையாட்டுக்குத் தடித்த ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். பழைய சரக்கா என்றும் பாருங்கள்: ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால், லேசாக இழுத்ததும் வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

நம்ம ஊர் மண்ணுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ராமநாதபுரத்தில் சீமைக்கருவேல முள் காற்றோடு எங்கும் வந்து கிடக்கும். மணலில் உருட்ட வேண்டாம், ஒரு தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையும் ஆகாது, எண்ணெய் ரப்பரை அரித்துவிடும். அப்புறம் வெயில். ஏசி அறையில் நிறைய ஊதி வெளியே கொண்டுவந்தால் உள்ளே காற்று விரியும். அடர் நிறப் பலூன்கள் இன்னும் சீக்கிரம் சூடாகும்.

திருவிழாவில் விற்பவரிடம் சிலிண்டர் காற்று பிடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மலிவாகக் கிடைக்கும் அந்த வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன். ஒரு பீடி நெருப்பு போதும். 400 லிட்டர் ஹைட்ரஜன் பற்றினால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளின் கதி என்ன? பந்துபோல் தட்டி விளையாட வெறும் காற்றே போதும், ஹீலியம்கூடத் தேவையில்லை.

காற்றின் திசை பார்க்காமல் பலூனைக் கையில் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ராமநாதபுரத்தின் வடக்குப் பக்கமுள்ள அரியமான் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கை நழுவினால் பலூன் பாக் விரிகுடாவில் போய் விழும். வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்தில் தெற்குக் கரையான கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இதே கதை. பலூன் போனால் போகட்டும். அதைப் பிடிக்கப் பிள்ளை தண்ணீருக்குள் ஓடுவதுதான் பயம். அதனால் வாங்கும்போதே கனமான நூலும், மணல் கட்டித் தொங்கவிட ஒரு சின்னப் பையும் சேர்த்து வாங்குங்கள்.

இயற்கை ரப்பர்தான், மக்கிவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வானத்தில் விட்டுவிடவும் கூடாது. கடல் தண்ணீரில் அது மக்க மாதக்கணக்காகும், சில நேரம் அதற்கும் மேலே. அதற்குள் ஆமை இரை என்று நினைத்து விழுங்கிவிடும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆமையும் கடல்பசுவும் வாழும் தண்ணீர் அது. நாம் விடும் ரப்பர் அங்கே போக வேண்டாம்.

வெடித்த துண்டுகளை அப்போதே பொறுக்கிப் பையில் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் தொண்டையில் அடைத்து மூச்சு நின்றுவிடும், எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தனியாக விளையாட விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு, தடிப்பு வருமென்றால் லேடெக்ஸே வாங்க வேண்டாம், பிளாஸ்டிக் கடற்கரைப் பந்து இருக்கிறது. மிஞ்சிய பலூனை நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, முகப் பவுடர் தூவி, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள்.