மலை உச்சிக்கு டீசல் வண்டியை ஏற்றுவது எப்படி?

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத டீசல் இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். 3,000 மீட்டரில் காற்றழுத்தமே சுமார் 30 சதவீதம் குறைவு. இன்ஜினுக்கு டீசல் அனுப்புவது பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் காற்று குறைந்தது அதற்குத் தெரியாது. டீசலை அதே அளவு தள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால் ஏற்றத்தில் என் கண் பக்கக் கண்ணாடியில்தான் இருக்கும். புகை கறுப்பாகத் திரண்டு வந்தால் டீசல் முழுசாக எரியவில்லை. அப்போது ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். புகையும் சூடும்தான் கூடும். காலைக் கொஞ்சம் தளர்த்தி, வண்டி திணறும் முன்பே கீழ் கியருக்கு வாருங்கள். புகை மெலிந்து, இன்ஜின் சத்தம் சீராவது காதிலேயே தெரியும். அந்த இடத்தில் காலை நிறுத்துங்கள்.

டர்போ இருந்தால் இழப்பு குறைவு. ஆனால் காற்றுக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து ‘உஸ்’ என்று காற்று கசிந்தால் அந்த லாபம் போச்சு. கிளம்பும் முன் இறுக்கிவிடுங்கள், ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை, எனக்கு அது வருத்தம். 3,000 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து அந்தக் கொதிப்பைத் தள்ளிப்போடுவது இந்த மூடிதான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது.