பைக் சீட்டைச் சுத்தம் செய்வது எப்படி: கழுவாமல் துடைக்கும் முறை

வண்டி கழுவும்போது பைப்பைத் திருப்பி சீட் மேலேயும் பீய்ச்சி விடுவது பலருக்கும் வழக்கம். சீட் சீக்கிரம் வீணாவதற்கு முதல் காரணமே அதுதான். மேலே இருக்கும் ரெக்சினுக்குள் தண்ணீர் இறங்காது, உண்மை. ஆனால் அந்த ரெக்சினைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். ஊசி இறங்கிய துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. உள்ளே இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். அதன் நுண்ணறைகள் ஒன்றுக்கொன்று திறந்தே இருப்பதால் ஒரு மூலையில் புகுந்த தண்ணீர் நாலாபக்கமும் பரவும், எளிதில் வெளியே வராது. மேல்பக்கம் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும், ஃபோம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். உட்கார்ந்ததும் பேண்ட் நனைவது, முடைநாற்றம், தையல் ஓரத்துக் கறுப்புப் பூஞ்சை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

ஆகவே சீட்டைக் கழுவ வேண்டாம், துடையுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டியவையே.

உங்கள் சீட் எந்த வகை?

பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ரெக்சின், அதாவது துணியின் மேல் பிவிசி பூசிய உறை. சிலவற்றில் அசல் தோல் இருக்கும். சந்தேகம் இருந்தால் சீட்டைக் கழற்றிக் குப்புறக் கவிழ்த்து, உறையின் ஓரம் ஸ்டேப்ளர் பின் அடித்து முடியும் இடத்தைப் பாருங்கள். வெட்டிய விளிம்பின் அடியில் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். நார்நாராக, மெல்லிய பஞ்சு போலத் தெரிந்தால் தோல். இங்கே விளக்கும் முறை ரெக்சினுக்கு. தோலுக்கு வேண்டியதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தேவையானவை

வாகனங்களுக்கான ஷாம்பு, இரண்டு சிறு வாளி, மூன்று மைக்ரோஃபைபர் துணி, மென்மையான பிரஷ் ஒன்று, தையலுக்கு மென்மையான பழைய டூத் பிரஷ் ஒன்று, கடைசியில் பூசுவதற்குத் தண்ணீர் அடிப்படையிலான வினைல் (பிவிசி) பாதுகாப்புத் திரவம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஷாம்பு போதும். புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நுரை அதிகமானால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்றில்லை, துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும்.

சீட் பக்கமே கொண்டு போகக் கூடாதவை: பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், பிளீச், துணி துவைக்கும் பவுடர். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி வைத்திருப்பவை பிளாஸ்டிசைசர் என்னும் மென்மையூட்டிகள். வெயிலிலும் சூட்டிலும் அவை மெல்ல மெல்லத் தாமாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். பெட்ரோலும் தின்னரும் ஒரே தடவையில் நிறைய உறிஞ்சி எடுத்துவிடும். துடைத்த அன்று சீட் பளிச்சென்று தெரியும், பிறகு அந்த இடம் மட்டும் இறுகி வெடிக்கும். பிளீச் தையல் நூலைப் பலவீனப்படுத்தும். துணி பவுடரில் காரம் அதிகம், தையலுக்குள் தங்கி வெள்ளையாகப் படியும்.

1. கழற்றுங்கள்

சில வண்டிகளில் சாவி போட்டால் சீட் விடுபடும். சிலவற்றில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே இரண்டு போல்ட்டை எடுக்க வேண்டும், பெரும்பாலும் 10 அல்லது 12 எம்எம் ஸ்பேனர் போதும். பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்தால் டேங்க் பக்கம் மாட்டியிருக்கும் நாக்கு விடுபடும். அடியில் இருக்கும் ரப்பர் புஷ்கள், போல்ட்டுக்குள் இருக்கும் சிறு குழாய்த் துண்டுகள் எந்த இடத்தில் இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில்தான் பல வண்டிகளில் பேட்டரி, ஃப்யூஸ், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. சீட் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் தெறிக்கவே கூடாது.

2. உலர் தூசியை முதலில் எடுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. ரெக்சினின் சொரசொரப்பான கோடுகளுக்குள் பொடிமணல் உட்கார்ந்திருக்கும். அதோடு ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான், மேல்பூச்சின் மினுமினுப்பு போய் வெளுத்த திட்டுகள் விழும். காய்ந்த பிரஷால் முன்னிருந்து பின்னாகத் தட்டிவிடுங்கள். தையல் பள்ளத்துக்குள் டூத் பிரஷை நீளவாக்கில் ஓட்டுங்கள்.

3. சோப்புத் தண்ணீர்

துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழியுங்கள். பிழிந்த துணியைச் சீட் மேல் வைத்து அழுத்தினால் ஈரத்தடம் விழலாம், தண்ணீர் ஓடக் கூடாது. சீட்டை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடியுங்கள். முழுவதும் ஒரே நேரத்தில் நுரை பூசினால் ஒரு பக்கம் துடைப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து பிசுபிசுப்புப் படலம் நிற்கும், அடுத்த நாளே தூசி அதில் வந்து ஒட்டும். அழுக்கு ஏறிய இடத்தில் மென்மையான பிரஷை வட்டமாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். தையலில் மட்டும் நூல் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் நூல் பிரிந்து மேலே எழும்பும்.

ஓட்டுபவரின் தொடை படும் இரண்டு ஓரங்களையும் இன்னொரு சுற்று துடையுங்கள். வியர்வை உப்பும் துணிச் சாயமும் அதிகம் சேர்வது அங்கேதான்.

4. வெறும் தண்ணீர்

இரண்டாவது வாளியில் நல்ல தண்ணீர், இரண்டாவது துணி. நனைத்துப் பிழிந்து இரண்டு முறை துடைக்க வேண்டும். விரலால் வழித்துப் பாருங்கள், வழுக்கினால் சோப்பு இன்னும் இருக்கிறது.

5. உலர்த்துதல்

மூன்றாவது துணியால் ஒற்றியெடுத்து, சீட்டைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, நிழலில் காற்றுப்படும்படி ஒரு மணி நேரம் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பக்கத்தில் பிடித்தால் ரெக்சின் இளகிச் சுருங்கும்.

6. பாதுகாப்புப் பூச்சு

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திரவம் என்று லேபிளில் போட்டிருப்பதாக வாங்குங்கள். சீட் மேல் நேரடியாக அடிக்காமல் துணியில் கொஞ்சம் விட்டு மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். தொட்டால் கையில் எதுவும் ஒட்டக் கூடாது. எந்நேரமும் வெயிலில் நிற்கும் வண்டிக்கு மாதம் ஒருமுறை பூசலாம்.

பளபளப்புக்காக டயர் பாலிஷையோ சிலிக்கான் எண்ணெயையோ சீட்டில் தடவவே தடவாதீர்கள். சீட் வழுக்கும். திடீரென பிரேக் பிடிக்கும்போது ஓட்டுபவர் டேங்க் மேல் சரிவார், பின்னால் இருப்பவர் அவர் மேல் வந்து விழுவார். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பளபளப்பு அதற்கு ஈடாகாது.

7. மாட்டுதல்

அடித்தட்டைத் துடைத்து, பூட்டும் கொக்கியில் துளி கிரீஸ் வையுங்கள். முன் நாக்கைச் சரியாக நுழைத்துவிட்டுப் பின்பக்கத்தை அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல் முன்னும் பின்னும் கையால் தூக்கிப் பாருங்கள். பின்னால் பூட்டிக்கொண்டு முன் நாக்கு மாட்டாமல் இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு, வளைவில் சீட் பக்கவாட்டில் நகரும்.

கறைகள்

ஜீன்ஸ் சாயம் பிவிசிக்குள்ளேயே ஊறிப்போகும், ஊறிய பிறகு எந்தத் திரவமும் அதை எடுக்காது. புதிய கறையானால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, முதலில் சீட்டின் அடி ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, கறையில் மட்டும் ஒற்றுங்கள். உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். இதை வாடிக்கையாக்கினால் ரெக்சின் இறுகும்.

செயின் எண்ணெய், கிரீஸ் என்றால் காகிதத்தால் ஒற்றியெடுத்து, ஷாம்புவைத் தண்ணீர் கலக்காமல் இரண்டு சொட்டு விட்டு, மூன்று நிமிடம் கழித்துத் துடையுங்கள். பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் இளகித் துணியோடு வந்துவிடும். சூயிங் கம்மின் மேல் பனிக்கட்டிப் பையை வைத்தால் இறுகும், பழைய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுக்கலாம்.

பூஞ்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். துடைத்த இடத்தில் சில வாரங்களில் பூஞ்சை மறுபடி வந்தால் கோளாறு மேலே இல்லை, ஃபோம் ஈரமாக இருக்கிறது.

ஃபோமில் தண்ணீர் இறங்கியிருந்தால்

காய்ந்த டிஷ்யூவைத் தையல் மேல் வைத்து முழங்காலால் அழுத்துங்கள். டிஷ்யூ ஈரமானால் சந்தேகமே வேண்டாம். சீட்டைக் கழற்றி, தடித்த துண்டை மேலே போட்டுத் திரும்பத் திரும்ப அழுத்தித் தண்ணீரை எடுங்கள். பிறகு அடித்தட்டின் துளைகளில் காற்றுப் படும்படி நிறுத்தி, ஃபேனுக்கு எதிரே இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்படியும் நாற்றம் போகவில்லை என்றால் உறையைக் கழற்றித்தான் ஃபோமை உலர்த்த முடியும். பின்களை எடுப்பது சுலபம், திரும்ப அடிப்பதுதான் கடினம். சாதாரண ஸ்டேப்ளர் கெட்டியான பிளாஸ்டிக் அடித்தட்டில் சரியாக இறங்காது. சீட் வேலை செய்பவரிடமே கொடுங்கள். உறையைப் பிரித்த கையோடு ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போடச் சொல்லுங்கள், அடுத்த மழைக்கு அது தாங்கும்.

மழையில் நின்ற வண்டியில் துடைக்காமல் உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்கிக் காற்றை வெளியே தள்ளும், எழுந்ததும் காற்றை உள்ளிழுக்கும். அந்த நேரத்தில் தையல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். சீட்டை வழித்துவிட்டால் போதாது, துணியின் நுனியைத் தையல் பள்ளத்தில் வைத்து ஒற்றிய பிறகே உட்காருங்கள். ஈரமான சீட்டை பிளாஸ்டிக் உறை போட்டு மூடவும் கூடாது. காற்றுப் புகும் துணி உறை நல்லது.

தோல் சீட்டாக இருந்தால்

தண்ணீரை இன்னும் குறையுங்கள். தோலுக்கான சோப்பை நுரையாக மட்டும் எடுத்துத் துடைத்து, நிழலில் முழுவதும் காய்ந்த பிறகு தோல் கண்டிஷனர் தடவுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வினிகர், ஆல்கஹால் இரண்டும் தோலுக்கு ஆகாது.

கிழிசலும் வெடிப்பும்

ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கிழிசலை வினைலுக்கென விற்கும் வளையும் பசையால் ஒட்டலாம். சூப்பர் க்ளூ வேண்டாம், அது கல்லாக இறுகி அதன் ஓரத்திலிருந்தே புதிய வெடிப்பு தொடங்கும். வெடிப்புக்குள் அடித்துணி தெரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பூச்சும் பயன்படாது, உறையை மாற்ற வேண்டியதுதான். அப்போது உள்ளங்கையால் ஃபோமை நன்றாக அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் உறை மட்டும் போதும். குழி அப்படியே நின்றால், அல்லது விரலில் தூளாக உதிர்ந்தால் ஃபோமையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.