நெல்லையிலிருந்து பாதிராமணல்: படகில் மட்டுமே போக முடிகிற தீவுக்கு ஒரு நாள் பயணம்

கூந்தன்குளத்தில் பறவை பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொகுசு உண்டு. வண்டியை விட்டு இறங்கினால் வீட்டுப் புழக்கடை மரத்திலேயே நாரை கூடு கட்டியிருக்கும். அதனால் பறவை பார்க்கப் படகேற வேண்டும் என்று யாராவது சொன்னால், "அவ்வளவு தூரம் எதுக்கு?" என்போம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். மூன்று தடவை போய்விட்டு வந்தபிறகு இதை எழுதுகிறேன்.

பாதிராமணல் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் என்கிற பெரிய உப்பங்கழிக்கு நடுவே, ஆலப்புழை மாவட்டத்து முகம்மா ஊராட்சியில் இருக்கிற சின்னத் தீவு. பாலம் கிடையாது, குடியிருப்பு கிடையாது. பாதி இரா மணல் என்று பிரித்துப் படித்தால் பெயர் நமக்கே விளங்கிவிடும். வில்வமங்கலத்துச் சுவாமியார் அந்தியில் நீராட இறங்கியபோது தண்ணீர் விலகி நிலம் எழுந்தது என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு காலத்தில் தனியார் தோப்பாக இருந்து, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த இடம். அவர்களை முகம்மாவில் குடியமர்த்திய பிறகு, 1970களின் இறுதியில் சுற்றுலாத் துறையின் கைக்கு வந்தது.

முதல் படி: ரயில்

பாலருவி எக்ஸ்பிரஸ்தான் நமக்குத் தோது. தூத்துக்குடியில் புறப்பட்டு நெல்லை ஜங்ஷனுக்கு இரவு 11 மணிக்கு மேல் வரும். தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகப் போய்க் காலை ஏழு மணி சுமாருக்குக் கோட்டயத்தில் இறக்கிவிடும். திரும்பும் வண்டி கோட்டயத்துக்கு வருவது இரவு எட்டு மணியை ஒட்டி. ஆக ஒரு முழுப் பகல் கையில் கிடைக்கிறது, அறை எடுக்கும் செலவு மிச்சம். நேரத்தை மட்டும் புறப்படும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போவதும் வருவதும் இரவு என்பதால் 1904இல் போட்ட அந்த மலைப்பாதையும் பதிமூன்று கண் பாலமும் இருட்டிலேயே கடந்துபோகும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். போக, வர இரண்டு சீட்டையும் ஒரே நாளில் எடுங்கள். வெளிநாட்டுப் பறவைகள் வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சபரிமலைக்குக் கூட்டம் போவதும் கார்த்திகை, மார்கழியில்தான். மாலை போட்டவர்களோடு சீட்டுக்குப் போட்டியிட மனமில்லை என்றால், தை பிறந்து மகரவிளக்குக் கூட்டமும் கலைந்த பிறகு போகலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மழையும் காற்றும் சேர்ந்தால் காயல் வேறு முகம் காட்டும்.

இரண்டாம் படி: கோட்டயம், குமரகம்

ஸ்டேஷனிலேயே பல் தேய்த்து, முகம் கழுவி, வெளியே வந்து ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிடுங்கள். குமரகம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பஸ் உண்டு. நடத்துநரிடம் "போட் ஜெட்டி" என்று சொன்னால் இறக்கிவிடுவார்.

மூன்றாம் படி: சர்க்கார் படகு

முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். குமரகத்தில் இறங்கியதுமே சிலர் வந்து தனிப்படகு பேசுவார்கள். வசதியானவர்கள் ஏறிக்கொள்ளலாம். நான் சொல்வது, கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் முகம்மா படகில் ஏறுங்கள். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி அது. பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடை, வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாம் ஏறும். கட்டணமும் பஸ் கட்டணம் போலத்தான். முக்கால் மணி நேரத்தில் காயலைக் குறுக்காகக் கடந்துவிடும், வழியில் தீவையும் தூரத்தில் காட்டும்.

எங்கள் அத்தை தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. படகு வாய்க்காலைத் தாண்டிக் காயலுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னல, அக்கரையே தெரியல?" என்றார். காலைப் பனிமூட்டத்தில் உண்மையிலேயே தெரியவில்லை.

சில நாட்களில் ஆகாயத்தாமரை வழியை அடைத்துக்கொண்டு படகு திணறும். தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் நடுவில் மூடி, குட்டநாட்டு வயலுக்குள் உப்புநீர் போகாமல் தடுப்பார்கள். உப்பு வராததால் நெல் பிழைக்கிறது. ஆனால் அதே நல்ல தண்ணீரில் ஆகாயத்தாமரையும் கொழுக்கிறது. படகு ஓடாத நாளாக இருந்தால் அந்தத் தடுப்பணை மேலேயே சாலை போகிறது. அந்த வழியாக பஸ் மாறி முகம்மா போய்ச் சேரலாம்.

நான்காம் படி: தீவுக்குப் படகு பேசுவது

முகம்மா துறையில் சிறு படகுகள் கிடைக்கும். தீவு அங்கிருந்து கிட்டத்தில்தான். ஏறுமுன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள். கட்டணம் ஆளுக்கா, படகுக்கா? எத்தனை பேர் ஏறலாம்? எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார்? மூன்றாவதுதான் உயிர்நாடி. முதல் தடவை நான் "சரி சேட்டா" என்று தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் வேறு சவாரிக்குப் போய்விட்டார். கொசுக்கடியில் ஒன்றரை மணி நேரம் துறையிலேயே நின்றோம். மதியச் சாப்பாடு போயிற்று, ரயிலையும் ஓட்டமாக ஓடித்தான் பிடித்தோம். இப்போதெல்லாம் நேரத்தை போன் திரையில் எண்ணாக அடித்துக் காட்டுகிறேன், அவருடைய நம்பரையும் வாங்கிக்கொள்கிறேன். பாதிப் பணம் போகும்போது, மீதி திரும்பி வந்தபின்.

லைஃப் ஜாக்கெட் தரச்சொல்லிக் கேட்டுப் போடுங்கள். "நான் ஆத்துல நீந்தினவன்" என்ற பேச்சு இங்கே உதவாது. ஆற்றில் இழுப்பு நமக்குத் தெரியும். இங்கே அடியில் சேறு, மேலே கொடி. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். நிரம்பி வழிகிற படகைக் கண்டால் அடுத்ததற்கு நில்லுங்கள்.

ஐந்தாம் படி: தீவில்

கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீர், கொஞ்சம் முறுக்கு, கொசுவுக்குத் தடவ ஏதாவது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. இவ்வளவு போதும். கால் மூடிய செருப்பு நல்லது.

நடைபாதை மரங்களுக்குள்ளே போகிறது. பலர் அதில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டு, "ஒண்ணும் இல்லையே" என்று திரும்புகிறார்கள். கூந்தன்குளத்தில் பறவை உங்களிடம் வரும். இங்கே நீங்கள்தான் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கரையோரம் தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து இருபது நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பது தெரியும். அப்புறம் தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு போல நகரும், அது பாம்புத்தாரா. மரக்கிளையில் கல் மாதிரி அசையாமல் இருக்கும் உருண்டைகள் பகலில் தூங்குகிற இராக்கொக்குகள். ஆலா என்கிற நீர்ப்பறவைகள் வெளியே காயலில்தான் அதிகம், அவற்றைப் படகிலிருந்தே பார்த்துவிடலாம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

பிள்ளைகளோடு போனால் தண்ணீர் ஓரம் கையை விடாதீர்கள்.

ஆறாம் படி: திரும்புவது

மதியம் முகம்மாவில் மட்ட அரிசிச் சோறும் மீன்கறியும் கிடைக்கும். குடிக்கக் கொடுக்கும் வெந்நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். அத்தை டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அது பதிமுகம் என்கிற மரத்தின் கட்டைச் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த நீர், தைரியமாகக் குடிக்கலாம்.

நாலு மணிக்குள் குமரகம் படகில் ஏறிவிடுங்கள். கோட்டயம் பஸ் மாலையில் ஊர்ந்துதான் போகும்.

வண்டி நெல்லைக்கு விடியுமுன் வந்துவிடும், ஆனால் தூத்துக்குடி வரை போகும். நாலு மணிக்கே அலாரம் வைத்துவிடுங்கள். காயல் காற்றில் அலைந்த உடம்பு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கும், மணியாச்சியில்தான் கண்விழிப்பீர்கள்.